பாறை ஏறும் ஆர்சி வண்டிக்கு ஷாக் திருத்திய அனுபவம்

ரிமோட்டில் ஓட்டும் ஆர்சி வண்டிகளில் பாறை ஏறும் வகைக்குப் பெயர் க்ராலர். அதில் இருக்கும் ஷாக் அப்சார்பருக்கும் ரேஸ் பக்கியில் இருக்கும் ஷாக்குக்கும் பெயர்தான் ஒன்று. பக்கி பறந்து போய் விழும், அந்த அடியைத் தாங்க ஷாக் வேண்டும். க்ராலர் பறப்பதில்லை. கல்லுக்குக் கல் தடவித் தடவி ஏறுகிற வண்டி அது. அதில் ஷாக்கின் வேலை, நாலு டயருக்கும் வண்டியின் கனத்தைப் பங்கு பிரித்துக் கொடுப்பதும், பாடி எந்தப் பக்கம் எவ்வளவு சாயலாம் என்று கட்டுப்படுத்துவதும். இதைப் புரிந்துகொண்டு ஷாக்கைத் திறந்தால் எந்த ஆயில், எந்த ஸ்பிரிங் என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் தானாக வர ஆரம்பிக்கும். புது ஷாக் செட்டுக்குச் செலவழிக்கும் முன் கையில் இருப்பதைத் திருத்திப் பாருங்கள் என்று நான் சொல்வதும் அதனால்தான்.

என் வண்டி 1/10 அளவு. முன்னும் பின்னும் குறுக்கே ஒரே ஆக்சில், இரண்டு அச்சுக்கும் நடுவே 313 மில்லிமீட்டர், பேட்டரியோடு சேர்த்து 2.8 கிலோ. ஆக்சியல் எஸ்சிஎக்ஸ்10, ட்ராக்சஸ் டிஆர்எக்ஸ்-4 வைத்திருப்பவர்களுக்குப் பழகிய அளவுதான். ஷாக்கின் முழு நீளம் 90 மில்லி, ராட் உள்ளே போகும் தூரம் 29 மில்லி, ராட் 3 மில்லி கனம். நான் ஓட்டுவது ஓசூரைச் சுற்றியுள்ள கருங்கல் பாறைகளில். அந்தக் கல்லில் டயர் நன்றாகப் பிடிக்கும். ஆனால் மழையிலும் வெயிலிலும் உதிர்ந்த பொடி பள்ளங்களில் தேங்கிக் கிடக்கும். டயர் பிடித்துக்கொண்டு ஏறி, கடைசி நேரத்தில் பொடியில் வழுக்கும். அந்தக் கடைசி நேரத்தில் கனம் எந்த டயரில் இருக்கிறது என்பதுதான் வண்டி ஏறுமா உருளுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

பெட்டியிலிருந்து எடுத்தபடியே ஓட்டியபோது மூன்று விஷயம் கண்ணில் பட்டது. செங்குத்தாக ஏறும்போது மூக்கு மேலே எழும்பி வண்டி பின்னால் கவிழும். பக்கச் சரிவில் போகும்போது பாடி முதலில் பள்ளத்துப் பக்கம் சாயும், அப்புறம் வண்டியே சாயும். ஆக்சிலேட்டரை அழுத்திய நொடியில் முன் டயர் ஒன்று தரையை விட்டுக் கிளம்பும். மூன்றிலும் ஷாக்குக்குப் பங்கு உண்டு: வண்டியை உயரத்தில் நிறுத்தும் விறைப்பான ஸ்பிரிங், தண்ணீர் மாதிரி ஓடும் ஆயில்.

ஏற்றத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வண்டி மூக்கைத் தூக்கியதும் கனம் பின்னால் போகிறது. முன் ஸ்பிரிங்கின் மேல் இருந்த சுமை குறைகிறது. சுமை குறைந்த ஸ்பிரிங் நிமிர்கிறது, மூக்கு இன்னும் மேலே போகிறது. பின் ஸ்பிரிங் அமுங்குகிறது, வால் இன்னும் கீழே போகிறது. ஏற்றம் கொடுத்த சாய்வு போதாதென்று நம் ஸ்பிரிங்குகளும் சேர்ந்து தள்ளிவிடுகின்றன. நிஜப் பாறை வண்டிகளுக்கும் இதே தொல்லை உண்டு. கலிபோர்னியாவின் ஜான்சன் பள்ளத்தாக்கு மாதிரி இடங்களில் ஏறுகிற பெரிய பக்கிகளில் முன் ஆக்சிலைச் சேஸியோடு இழுத்துக் கட்ட ஒரு வின்ச்சே, அதாவது கயிறு சுற்றி இழுக்கும் மோட்டாரே, வைத்திருப்பார்கள். ஏற்றம் வந்ததும் வின்ச்சை இழுத்தால் முன்பக்கம் நிமிராது. நம் சிறிய வண்டியில் அதே வேலையை ஷாக்குக்குள்ளேயே செய்துவிடலாம். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

திருத்துவதற்கு முன் அளக்க வேண்டும். சமையலறைத் தராசு ஒன்று போதும். ஒரு டயரைத் தராசில் வைத்து, மற்ற மூன்றின் கீழும் தராசின் உயரத்துக்குச் சமமாகப் பலகைத் துண்டு வைத்து, ஒவ்வொரு டயராக எடை பாருங்கள். எனக்கு முன் டயர்கள் தலா 770 கிராம், பின் டயர்கள் தலா 630 கிராம் காட்டின. அதாவது முன்பக்கம் 55 சதவீதம். க்ராலருக்கு முன்பக்கம் கனமாக இருப்பதுதான் நல்லது, அதை மாற்றத் தேவையில்லை. இதில் ஆக்சில், டயர் எடையெல்லாம் ஷாக்கின் மேல் உட்காராது. அவற்றைத் தனியாக நிறுத்துக் கழித்தால், முன் ஷாக் ஒவ்வொன்றும் சுமப்பது 500 கிராம், பின் ஷாக் சுமப்பது 400 கிராம்.

அடுத்து ஸ்பிரிங். கடையில் மென்மை, நடுத்தரம், விறைப்பு என்று நிறம் பார்த்து விற்பார்கள். ஒரு கம்பெனியின் மென்மை இன்னொரு கம்பெனியின் நடுத்தரமாக இருக்கும். நிறத்தை நம்ப வேண்டாம். ஸ்பிரிங்கைத் தராசின் மேல் நிறுத்தி, பக்கத்தில் ஸ்கேலை வைத்து, 10 மில்லி அமுக்கி எடையைப் படியுங்கள். வண்டியோடு வந்த ஸ்பிரிங் 10 மில்லிக்கு 520 கிராம் காட்டியது. ஒரு மில்லிக்கு 52 கிராம். 500 கிராம் சுமையில் அது 10 மில்லிகூட அமுங்காது. 29 மில்லி ஓட்டமுள்ள ஷாக்கில் பத்துக்கும் குறைவாக அமுங்கி நின்றால், வண்டி உயரத்தில் மிதந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். நான் விரும்பியது, முன்பக்கம் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 19 அல்லது 20 மில்லி அமுங்கி நிற்க வேண்டும். 500-ஐ 20-ஆல் வகுத்தால் மில்லிக்கு 25 கிராம். வண்டியோடு வந்த ஸ்பிரிங்கில் பாதி விறைப்புதான்.

இங்கே ஷாக்கின் சாய்வையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஷாக் நேராக நிற்காமல் சாய்ந்திருந்தால் அதே ஸ்பிரிங் டயருக்கு இன்னும் மென்மையாகத் தெரியும். 30 டிகிரி சாய்ந்தால் நான்கில் மூன்று பங்கு வலுதான் மிஞ்சும். 45 டிகிரி சாய்ந்தால் பாதி. என் முன் ஷாக் 20 டிகிரி சாய்ந்து நிற்கிறது. அந்தச் சாய்வில் சுமார் 88 சதவீதம் மிஞ்சும். ஆகவே மில்லிக்கு 28 கிராம் காட்டிய ஸ்பிரிங்கைத் தேடிப் போட்டேன், தரையில் வைத்ததும் கணக்கில் வந்த இடத்திலேயே உட்கார்ந்தது. காசு செலவழிக்க மனமில்லாதவர்கள் ஸ்பிரிங்கை அப்படியே விட்டு, ஷாக்கின் மேல் போல்ட்டை உள்பக்கத்து ஓட்டைக்கு மாற்றி அதிகமாகச் சாய்த்துப் பார்க்கலாம். பாதிப் பலன் அதிலேயே கிடைக்கும்.

பின்பக்கத்துக்கு நான் வேறு வழி எடுத்தேன். வெளி ஸ்பிரிங்கைக் கழற்றியே விட்டேன். க்ராலர் ஓட்டுபவர்கள் ட்ரூப் என்று சொல்லும் அமைப்பு இது. ஷாக் முழுக்க மூடிய நிலையில் வண்டி உட்கார்ந்திருக்கும். டயர் பள்ளத்தில் இறங்க வேண்டும் என்றால் ஷாக் நீண்டு இறங்கும். மேல்நோக்கி அமுங்க இடமே இல்லாததால் ஏற்றத்தில் வால் தாழாது, பக்கச் சரிவில் பள்ளத்துப் பக்கம் பாடி சாயாது. வண்டியின் உயரமும் பின்னால் நன்றாகக் குறைந்துவிடும். ராட் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் கண் நேராக ஷாக் பாடியில் இடிக்காமல் இருக்க, நடுவே 4 மில்லி நீளத்துக்கு சிலிக்கான் டியூப் ஒன்றை ராட்டில் கோர்த்திருக்கிறேன்.

முன்பக்கத்தையும் முழு ட்ரூப் ஆக்குபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. முன் டயர் ஒரு படியில் முட்டும்போது கொஞ்சமாவது மேலே அமுங்க இடம் இருந்தால் டயர் கல்லைக் கவ்விக்கொண்டு ஏறும். இடமே இல்லையென்றால் சேஸி முழுவதையும் தூக்க வேண்டியிருக்கும். வட்டமான வழுக்குப் பாறைகளில் ஓட்டுபவருக்கு இது பெரிய விஷயமில்லை. எங்கள் பக்கத்துக் கல் உடைந்து உடைந்து படிபடியாக நிற்கும், அதனால் முன்னால் ஸ்பிரிங்கை விட மனம் வரவில்லை.

ஆனால் முன் ஸ்பிரிங் இருந்தால் ஏற்றத்தில் மூக்கு நிமிருமே? அதற்குத்தான் பேனா ஸ்பிரிங். அமுக்கி எழுதும் பால்பாயின்ட் பேனாவுக்குள் இருக்கும் சிறு ஸ்பிரிங், 3 மில்லி ராட்டின் மேல் பெரும்பாலும் இழுபறி இல்லாமல் போகும். ஷாக்கைத் திறந்து, பிஸ்டனுக்கு (ராட்டின் உள்முனையில் இருக்கும் துளையிட்ட வில்லை) கீழே, ராட்டைச் சுற்றி அதைப் போட வேண்டும். ஷாக் நீளும்போது பிஸ்டனுக்கும், ஆயில் ஒழுகாமல் தடுக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் இருக்கும் அடிப்பக்கத்து மூடிக்கும் நடுவே இந்த ஸ்பிரிங் அமுங்கி, நீளாதே என்று பிடித்து இழுக்கும். பெரிய வண்டியின் வின்ச் செய்யும் வேலை இதுதான். முழு ஸ்பிரிங்கும் போட்டால் டயர் பள்ளத்தில் இறங்க மறுக்கும். நான் பாதியாக வெட்டினேன். கடைசி 10 மில்லி நீட்சியில் மட்டும் அது வேலை செய்கிறது. வெட்டிய முனை கூராக இருக்கும். அதை நுண்ணிய உப்புத்தாளில் தேய்த்து மழுக்கி, அந்த முனை பிஸ்டன் பக்கம் வரும்படி போடுங்கள். கீழ்ப்பக்கம் வைத்தால் ஓ-ரிங் இருக்கும் மூடியைக் கீறிவிடும்.

இனி ஆயில். சிலிக்கான் ஷாக் ஆயில் மட்டும்தான். பைக் மெக்கானிக் கடையில் கிடைக்கும் ஃபோர்க் ஆயிலை ஊற்றலாமா என்று கேட்காதவர்கள் குறைவு. வேண்டாம். அது பெட்ரோலியத்தில் வந்தது. நம் ஷாக்கில் இருக்கும் சிலிக்கான் ஓ-ரிங் அதில் ஊறி வீங்கும், ராட் இறுகும், அப்புறம் ஒழுகும். கிரீஸும் சிலிக்கான் கிரீஸாகவே இருக்கட்டும். ஆயில் பாட்டிலில் 30, 40 என்று போட்டிருக்கும் எண்ணைவிட, பக்கத்தில் இருக்கும் சிஎஸ்டி எண்ணைப் பாருங்கள். ஆயில் எவ்வளவு கெட்டி என்று அளக்கும் அலகு அது. அசோசியேட்டட் பாட்டிலில் 30 என்றால் 350 சிஎஸ்டி, 40 என்றால் 500 சிஎஸ்டி. வேறு கம்பெனியின் 30 இதே கெட்டியாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

முன்னால் 500 சிஎஸ்டி, பின்னால் 350 சிஎஸ்டி ஆயில் ஊற்றியிருக்கிறேன். முன்பக்கம் ஸ்பிரிங் தள்ளுகிறது, அந்தத் தள்ளலை மெதுவாக்கக் கெட்டியான ஆயில் வேண்டும். பின்பக்கம் டயரைப் பள்ளத்தில் இறக்க ஆக்சிலின் கனத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. அங்கே கெட்டி ஆயில் ஊற்றினால், வண்டி பள்ளத்தைத் தாண்டும்வரை டயர் அந்தரத்தில் தொங்கும், கனம் மூன்று டயரில் நிற்கும். சோதிக்க ஒரு வழி: வண்டியை இரண்டு கையாலும் பாடியைப் பிடித்துச் சட்டென்று தூக்குங்கள். டயர்கள் சுமார் ஒரு நொடிக்குள் முழுக்க இறங்கிவிட வேண்டும். அதைவிட இழுத்தடித்தால் ஆயில் கெட்டி, தொப்பென்று விழுந்தால் ஆயில் மெலிது. வெயிலில் கல் கொதிக்கும் நேரத்தில் ஆயில் இளகும், அதனால் ஓட்டும் நேரத்திலேயே இந்தச் சோதனையைச் செய்வது நல்லது.

பிஸ்டனில் நான் அதிகம் மினக்கெட்டேன், அதற்கான பலனும் கிடைத்தது. அச்சில் வார்த்த பிஸ்டன்களின் ஓரம் பிசிறாக இருந்தது, நாலும் நாலு அளவு. துளை வழியாகப் போக வேண்டிய ஆயில், பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கில் நழுவிப் போகிறது. இடது ஷாக் ஒரு வேகம், வலது ஷாக் ஒரு வேகம். சரி என்று ஓசூர் சிப்காட் பக்கத்தில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். வெர்னியரில் ஷாக்கின் உள்விட்டம் 9 மில்லி, பிஸ்டன் 8.9 வேண்டும் என்று தாளில் வரைந்து கொடுத்தேன்.

“இது என்ன தம்பி, பம்பு வால்வா?” என்று கேட்டார் பட்டறைக்காரர்.

“ஆர்சி வண்டி ஷாக்குக்கு அண்ணே. நைலான்ல போட்டுத் தர முடியுமா?”

“நைலான் வேணாம். ஈரத்தைக் குடிச்சு ஊதும், நீ கேக்குற அளவு நிக்காது. டெல்ரின்ல போட்டுக்க. துண்டு ராடு கிடக்கு, அதுலயே கடைஞ்சு தர்றேன்.”

அவர் சொன்னது அப்படியே சரி. டெல்ரின் ஒரு வகைக் கெட்டி பிளாஸ்டிக். ஈரத்தை அவ்வளவாக இழுப்பதில்லை, வழுக்கலும் அதிகம். 2 மில்லி தடிமனில் வில்லை வில்லையாக அறுத்துக் கொடுத்தார், நடுவில் ராட்டுக்கான துளை மட்டும் போட்டு. ஆயில் துளையை நான் வீட்டில் போட்டேன். பெங்களூரு எஸ்பி ரோட்டில் சர்க்யூட் போர்டுக்குத் துளை போடும் மெல்லிய பிட்டுகள் கிடைக்கும். அதைக் கைப்பிடி சக்கில் மாட்டி விரலாலேயே திருகலாம். மெஷின் வேண்டாம், டெல்ரின் இளகி ஒட்டிக்கொள்ளும். முதலில் 1 மில்லியில் இரண்டு துளை போட்டு, வண்டியில் மாட்டிப் பார்த்து, தேவையென்றால் பெரிதாக்குங்கள். மெதுவாக ஓடும் ஆயிலுக்குத் துளையின் விட்டம் கொஞ்சம் மாறினாலும் பெரிய வித்தியாசம். 1 மில்லியை 1.2 ஆக்கினால் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆயில் ஓடும். நாலு பிஸ்டனும் ஒரே அளவில் வந்த அன்றுதான் ஆயில் எண்ணுக்கு அர்த்தம் வந்தது.

மறுபடி பூட்டும்போது ராட்டைப் பிடிக்கத் துணி சுற்றிய பிளையரைப் பயன்படுத்துங்கள். ராட்டில் ஒரு கீறல் விழுந்தால் ஓ-ரிங்கை அது அறுத்துக்கொண்டே இருக்கும், எத்தனை முறை ஓ-ரிங் மாற்றினாலும் ஒழுகும்.

காற்று எடுப்பதுதான் ட்ரூப் ஷாக்கின் உயிர்நாடி. ராட்டை முழுக்க வெளியே இழுத்து, ஆயிலை விளிம்புவரை ஊற்றி, பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள். இட்லி மாவில் கொப்புளம் வருவதுபோல அடியிலிருந்து காற்று ஒவ்வொன்றாக மேலே வரும். கால் மணி நேரம் நிமிர்த்தி வைத்துவிடுங்கள். அப்புறம் ராட்டை முழுக்க உள்ளே தள்ளுங்கள். 3 மில்லி ராட் 29 மில்லி உள்ளே போனால் சுமார் 0.2 மில்லிலிட்டர் இடத்தை எடுத்துக்கொள்ளும், அவ்வளவு ஆயில் விளிம்பில் வழியும். வழியட்டும். ராட் உள்ளே இருக்கும் அந்த நிலையிலேயே மூடியைத் திருகுங்கள். இப்போது ராட்டை வெளியே இழுத்து விட்டுப் பாருங்கள், தானாக உள்ளே போகும். ராட் வெளியே வந்ததும் உள்ளே வெற்றிடம் உண்டாகிறது, அது ராட்டைத் திரும்ப உறிஞ்சுகிறது. பின்பக்கம் வண்டியைத் தாழ்த்திப் பிடிப்பதில் இந்த உறிஞ்சலுக்குப் பெரிய பங்கு உண்டு. ராட் வெளியே இருக்கும்போது மூடியைத் திருகினால் ஆயிலுக்குப் போக இடமில்லாமல் ஷாக் பாதியிலேயே நின்றுவிடும், அமுக்கினால் மூடி வழியாகக் கசியும். முன் ஷாக்கில் இதே முறைதான், ஆனால் மூடுவதற்கு முன் விளிம்பிலிருந்து 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஆயிலை எடுத்துவிட்டு அங்கே காற்றை விடுகிறேன். உறிஞ்சல் குறைந்து டயர் இலகுவாக இறங்கும்.

ஒற்றை டயர் தூக்கும் தொல்லைக்கு வருவோம். மோட்டார் சுற்றும்போது நடு ஷாஃப்ட் ஆக்சிலை ஒரு பக்கமாகத் திருகப் பார்க்கும். அதன் எதிர்விசையில் சேஸி மறுபக்கம் திரும்பும். டிஆர்எக்ஸ்-4, எஸ்சிஎக்ஸ்10-இன் மூன்றாம் தலைமுறையில் சில மாடல்கள் மாதிரி போர்ட்டல் ஆக்சில் உள்ள வண்டிகளில் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு பல்சக்கரக் குறைப்பு இருப்பதால் நடு ஷாஃப்ட்டில் முறுக்கு குறைவு, இந்தத் தொல்லையும் குறைவு. என்னுடையதில் போர்ட்டல் இல்லை. பின்பக்கம் ட்ரூப் ஆனதும் சேஸி அமுங்கித் திரும்ப வழியில்லாமல் போய், டயர் தூக்குவது பெருமளவு அடங்கியது. மிச்சத்துக்கு, முன்னால் எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கத்து ஸ்பிரிங்கை மேலிருந்து பிடிக்கும் காலரை ஒரு சுற்று இறுக்கினேன்.

பலன் தெரிய ஒரு பலகையில் உப்புத்தாள் ஒட்டி, வண்டியைக் குறுக்கே நிறுத்தி, ஒரு பக்கத்தை மெல்லத் தூக்கினேன், போனில் சாய்வு காட்டும் செயலியை வைத்து. முன்பு 37 டிகிரியில் சாய்ந்தது, இப்போது 44 வரை நிற்கிறது. ஏழு டிகிரி என்பது பாறையில் புது வழி ஒன்று திறப்பதற்குச் சமம். முன்பு சுற்றிக்கொண்டு போன சரிவுகளில் இப்போது குறுக்கே போகிறேன். இதற்குக் கொடுத்த விலை, வயிற்றின் உயரம். நடு பாகம் 11 மில்லி இறங்கியிருக்கிறது, கூரான முகட்டில் ஏறி இறங்கும்போது அடிப்பலகை உரசும். அதற்காகக் கீழே நீட்டிக்கொண்டிருந்த ஸ்க்ரூ தலைகளை எல்லாம் உள்ளடங்கும் வகைக்கு மாற்றி, அடிப்பலகையை வழுவழுப்பாகத் தேய்த்துவிட்டேன். உரசினாலும் வழுக்கிக்கொண்டு போகும்.

நீள ஷாக் வாங்கி டயர் எவ்வளவு இறங்குகிறது என்று படம் எடுத்துப் போடும் ஆசை பலருக்கு உண்டு. படத்துக்கு நன்றாகத்தான் இருக்கும். பாறையில் அந்த நீளம் பெரும்பாலும் எதிரி. டயர் ஆழத்துக்கு இறங்க இறங்க பாடி அந்தப் பக்கம் சாய்கிறது, கனமும் அங்கே போய்விடுகிறது. 29 மில்லி என் வண்டிக்குப் போதும்.

ட்ரூப் ஷாக்குக்குப் பராமரிப்பு கொஞ்சம் அதிகம். உள்ளே எப்போதும் வெற்றிடம் இழுத்துக்கொண்டிருப்பதால் ஓ-ரிங் வழியாகக் காற்றும் கல்பொடியும் மெதுவாக உள்ளே நுழையப் பார்க்கும். ஓட்டி முடித்ததும் ராட்டைத் துடைத்து ஒரு துளி சிலிக்கான் ஆயில் தடவுங்கள். அடுத்த முறை கிளம்பும் முன் பின் ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி, ராட்டை இழுத்து விட்டுப் பாருங்கள். பாதியில் நின்றால் காற்று புகுந்திருக்கிறது, திறந்து மறுபடி காற்றெடுக்க வேண்டும். வெளியே வரும் ஆயில் சாம்பல் நிறத்தில் இருந்தால் ஓ-ரிங்கையும் மாற்றிவிடுங்கள்.